வெயிலில் நின்று படித்துப் பாருங்கள்

வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து. இதுதான் அழகு என்று முடிவு செய்தவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் மதியம் அவரைப் பாம்பன் தெற்குவாடி கரையில் நிறுத்தி, அவர் செய்த இணையதளத்தை அவரையே வாசிக்கச் சொல்ல வேண்டும். ஏசி அறையில், பெரிய திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கே படிப்பவர் கையில் இருப்பது கீறல் விழுந்த போன். மேலே வெயில், எதிரே கண்ணைக் கூசவைக்கும் தண்ணீர், காலடியில் வெண்மணல். எங்கேடா எழுத்து?

எங்கள் சித்தப்பா வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், போகிறவர். கடலுக்குக் கிளம்பும் முன் காற்றும் அலையும் எப்படி என்று ஒரு தனியார் வானிலைத் தளத்தில் பார்ப்பார். போன மாதம் அந்தத் தளத்தைப் புதுப்பித்தார்கள். அதுவரை கருப்பில் இருந்த எண்களெல்லாம் வெளிர் சாம்பலுக்குப் போய்விட்டன. "இது மூணாடா, அஞ்சாடா?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். கையால் நிழல் கட்டிப் பார்த்தால்தான் எனக்கே தெரிகிறது. மணிக்கு 35 கிலோமீட்டர் காற்றும் 55 கிலோமீட்டர் காற்றும் ஒன்றா? மன்னார் வளைகுடாவில் 55 என்றால் வல்லத்தைக் கரையிலிருந்து எடுக்கவே கூடாது. அந்த ஒரு எண்ணைப் பார்க்கத்தான் அந்தத் தளத்துக்கே வருகிறார்கள். அதைப் போய் மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள்!

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. இணையத்துக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லோரும் படிக்கும்படி தளங்களை அமைக்க வெளியிட்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 வழிகாட்டி 2008 டிசம்பரிலேயே அதைச் சொல்லிவிட்டது. இரண்டின் பிரகாச விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் சுத்தக் கருப்பு வைத்தால் 21:1 கிடைக்கும். #767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும். #777777 தேறாது. இவர்கள் வைத்திருப்பதோ #999999. விகிதம் 2.85. பெரிய எழுத்துக்கே போதாத நிறத்தில் பொடி எழுத்தை எழுதியிருக்கிறார்கள்.

அந்த 4.5 கூட வீட்டுக்குள் இருப்பவருக்கான கணக்குதான். திரைமேல் விழுந்து திரும்பும் ஒளிக்கு விகிதத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒதுக்குவது வெறும் 0.05. அதாவது வெள்ளையின் பிரகாசத்தில் இருபதில் ஒரு பங்கு. கரையில் அப்படியா இருக்கிறது? எழுத்தின் மேலும் பின்னணியின் மேலும் ஒரே அளவு வெயில் விழுந்து, இரண்டையும் சேர்த்து வெளுக்க வைக்கிறது. திரும்பும் ஒளி வெள்ளையின் பிரகாசத்தில் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 21 இருந்த கருப்பு 3க்கு இறங்குகிறது. அந்தச் சாம்பல் 1.8க்குப் போகிறது. சுத்தக் கருப்பே அங்கே தட்டுத்தடுமாறித்தான் நிற்கிறது என்றால் சாம்பலுக்கு என்ன வழி?

இதில் தமிழுக்குத் தனிக் கொடுமை வேறு. ஆங்கிலத்துக்காகத் தேர்ந்தெடுத்த மெல்லிய எழுத்துருத் தடிமனை, எண்ணில் சொன்னால் 300ஐ, அப்படியே தமிழுக்கும் போட்டுவிடுகிறார்கள். கோடு மெல்லிசானால் திரை அதைப் பின்னணியோடு கலந்து, கொடுத்த நிறத்தைவிட இன்னும் வெளிறலாகத்தான் காட்டும். கணக்கில் தேறிய நிறம்கூடக் கண்ணில் தேறாது. முதலில் புள்ளி காணாமல் போகும். அப்புறம் கி-யையும் கீ-யையும் பிரிக்கும் சுழி, ன-வையும் ண-வையும் பிரிக்கும் சுழி எல்லாம் போய்விடும். ஐம்பது வயதைத் தாண்டியவர், காலமெல்லாம் கடல் வெயிலில் கிடந்தவர், கண்ணில் புரையோ சதை வளர்ச்சியோ உள்ளவர், அவர் இதை எப்படி எழுத்துக்கூட்டிப் படிப்பார்? எங்கள் கரையில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அதே தளத்தில் கடல் நிலையைச் சொல்ல ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஊரில் இல்லையா? நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லாதே என்பதும் அதே வழிகாட்டியில்தான் இருக்கிறது. 'போகலாம்', 'போக வேண்டாம்' என்று எழுத இடமா இல்லை?

பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். பெரிதாக்கினால் எழுத்துதான் பெரிதாகும். நிறம் அதே வெளிறல்தான். அதுவும் அந்தத் தளத்தில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதையே தடுத்து வைத்திருக்கிறார்கள். இருட்டுப் பின்னணிக்கு மாற்றிப் பாருங்கள் என்றார் இன்னொருவர். உச்சி வெயிலில் கருந்திரையைத் திறந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். கோப்பில் #999999ஐ #333333 ஆக்கினால் விகிதம் 12.6க்கு ஏறிவிடும். தடிமன் 300ஐ 400 ஆக்க வேண்டும், வரி இடைவெளியை 1.5 ஆக்க வேண்டும். குரோம் உலாவியின் இன்ஸ்பெக்ட் வசதியில் எழுத்தின் நிறத்தைச் சொடுக்கினால் விகிதத்தை அதுவே காட்டுகிறது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை இது.

இதையெல்லாம் விளக்கமாக எழுதி அந்தத் தளத்துக்கு அனுப்பினேன். அந்தச் சாம்பல் எங்கள் நிறுவனத்தின் அடையாள நிறம், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. லோகோவுக்கு இந்த விதியிலிருந்தே விலக்கு இருக்கிறதே! அதை எவ்வளவு வெளிறலாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் கருப்பில் எழுதுங்கள்.