உலகப் புத்தகங்கள் அவ்வளவு சீக்கிரம் காலாவதியாவதில்லை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டைப் பற்றி, "2024 விதிகள் வந்ததும் அதன் பழைய உலகப் புத்தகங்கள் எல்லாம் செல்லாக்காசு" என்று சொல்லியிருக்கிறீர்கள். இது சரியில்லை.

புதிய விதிகள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்போடு ஒத்துப்போகும்படி எழுதப்பட்டவை. அப்புறம், ஓர் உலகப் புத்தகத்தில், அதாவது கதை நடக்கும் கற்பனை உலகத்தை விவரிக்கும் நூலில், பெரும்பகுதி வரைபடம், அரசியல், தெய்வங்கள், யாருக்கு யார் பகை என்பதுதான். பகடையில் என்ன விழுந்தாலும் அது மாறாது. எபெரான் என்ற உலகத்தையே பாருங்கள். 2004இல் விதிகளின் மூன்றரைப் (3.5) பதிப்புக்காக வந்தது, 2009இல் நான்காம் பதிப்புக்கும் 2019இல் ஐந்தாம் பதிப்புக்கும் மறுபடி எழுதினார்கள். மூன்றிலும் கதை தொடங்குவது அந்த உலகக் கணக்கில் அதே 998ஆம் ஆண்டில்தான். 2004 புத்தகத்தில் உள்ள நகரத்தை இன்றைக்கும் அப்படியே எடுத்து விளையாடலாம். பூதங்களின் பலத்தைக் குறிக்கும் எண்களையும் கதாபாத்திரத் தேர்வுகளையும் மட்டும் புதிய புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 2008இல் நான்காம் பதிப்புக்காக ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தின் காலத்தைச் சுமார் நூறு வருடம் முன்னே தள்ளி, மாயக் கொள்ளைநோய் என்று ஒன்றைக் கொண்டுவந்து வரைபடத்தையே கிழித்துப் போட்டார்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அது அந்த ஓர் உலகத்துக்கு எடுத்த கதை முடிவு. விதி மாறியதன் கட்டாயம் அல்ல.

இன்னொன்று: 2024இன் ஆட்ட நடத்துநர் கையேட்டில் மாதிரி உலகமாக வைத்திருப்பது கிரேஹாக் என்ற பழைய உலகத்தை. அது தனி நூலாக முதலில் வந்தது 1980இல்!