சிவப்பு உடை போட்டால் தேனீ கொட்டாதா?

"தேனீக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு உடையில் போனால் நீங்கள் அதன் கண்ணுக்கே படமாட்டீர்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி சரி. மிச்சம் தவறு.

தேனீயின் கண் புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றைத்தான் உணரும். அதற்காகச் சிவப்பு மாயமாக மறைந்துவிடாது; ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். சிக்கலே அங்குதான். கூட்டைச் சூறையாட வரும் கரடி போன்றவை அடர்நிறம், உடம்பெல்லாம் ரோமம். காவல் தேனீக்கள் அந்தச் சாயலைக் கண்டால் சீறும். கறுப்புக் கம்பளிக் கையுறையோடு தேனீ வளர்க்கும் பெட்டியைத் திறந்தால் கொடுக்குகள் அதிலேயே குத்தி நிற்கும் (சோதித்தெல்லாம் பார்க்க வேண்டாம்).

வெள்ளை, வெளிர் மஞ்சள், இளஞ்சாம்பல் எதுவானாலும் சரி, துணி வழவழப்பாக இருக்கட்டும். முகத்தை மூடும் வலை மட்டும் கறுப்பு. வெள்ளை வலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அப்புறம், கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசனை வீசினால் அது மற்ற தேனீக்களுக்கான அழைப்பு. அப்போது எந்த நிறமும் உதவாது.