தேல்ஸிலிருந்து தொடங்காதீர்கள்

"தத்துவம் படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கறது?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பட்டியலை நீட்டிவிடுகிறார்கள். கிரேக்கத்தின் முதல் தத்துவவாதி என்று சொல்லப்படும் தேல்ஸில் தொடங்கி பிளேட்டோ, டெக்கார்த், கான்ட் என்று வரிசையாக வந்து நீட்சேவில் முடிக்கணுமாம். அப்படிக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் தேல்ஸைத் தாண்டுவதில்லை. மீதிப் பேருக்குப் பெயர்கள் மனப்பாடம் ஆகியிருக்கும், ஒரு வாதம்கூட ஒட்டியிருக்காது.

என் கட்சி வேறு. ஏற்கெனவே நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கேள்வியில் தொடங்குங்கள்.

கோத்தகிரியில் எங்களுக்கு அது பசுந்தேயிலை விலை. "பறிகூலி, உரம், கவாத்து (செடி வெட்டிவிடற செலவு) எல்லாம் கூட்டி அதுக்கு மேல கொஞ்சம் நின்னாத்தான் நியாய விலை" என்பார் ஒருவர். "குன்னூர் ஏலத்துல டீத்தூள் போற விலைக்குத்தானே இலையும் போகும்?" என்பார் பக்கத்து பெஞ்சுக்காரர். டீ ஆறிப்போகும் வரை நடக்கிற இந்தச் சண்டைக்கு அடியில் ஓடுவது, நியாயம் என்றால் எது என்கிற கேள்வி.

அந்தச் சூட்டோடு அரிஸ்டாட்டிலின் அறநெறி நூலான நிகோமாகியன் எதிக்ஸில் 5-ம் புத்தகத்தை மட்டும் எடுங்கள். அங்கே வீடு கட்டுகிறவனும் செருப்புத் தைக்கிறவனும் வருகிறார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை செருப்பு ஈடு? இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது தேவை, அந்தத் தேவைக்குப் பதிலாளாக மனிதர்கள் ஒப்புக்கொண்டு வைத்ததுதான் பணம் என்கிறார். அப்படியானால் வாங்க ஆளில்லாத இலைக்கு நம் செலவுக் கணக்கு எடுபடுமா? முதல் வாசிப்பில் தலை சுற்றும். அந்த இடத்துக்கு என்ன பொருள் என்று அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், பயம் வேண்டாம். அவர் சொல்வதை ஒரு நோட்டில் உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். கீழே உங்கள் மறுப்பு. வாரத்துக்கு ரெண்டு பக்கம் தாராளம்.

(மலையும் பனிமூட்டமும் இருந்தால் தத்துவம் தானாக வரும் என்று சீசனுக்கு வருகிறவர்கள் நம்புகிறார்கள். எங்களுக்கு வருவது சளி.)

அடுத்தது மணிமேகலை, 27-ம் காதை. மூலம் கடினம், உரையோடு படியுங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை மாறுவேடத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் (கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது) செல்லாது என்கிறான் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கைதான் என்பவன். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அத்தோடு காதை முடிகிறது, அவனுக்கு மறுபேச்சே தரப்படவில்லை. எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. அவன் பக்கம் நின்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதிப் பாருங்கள். லேசில் வராது.