தூங்குற எரிமலையாம்!

“சார், மேடம், நல்லா பாத்துக்கோங்க. லாவா ஓடி வந்த வழிதான் இந்தக் குகை.”

ஏற்காடு சேர்வராயன் குகைக்கோயில் வாசல்ல, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, இந்த மலையே ஒரு எரிமலைன்னு வேன் கைடு ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு விட்ட கதை இது. உள்ள குனிஞ்சு போயி சாமி கும்பிட்டு வந்த சனம் அப்படியே வாயைப் பொளந்து கேட்குது. ஏற்காட்டுக்கு வேன்ல போனவங்க யாருக்கும் இதைப் புதுசா விளக்க வேண்டியதில்ல.

கதை கொண்டை ஊசி வளைவுலயே ஆரம்பிச்சாச்சு. கீழே வெள்ளை வெளேர்னு தெரியுற குவியலைக் காட்டி, “அதான் எரிமலைச் சாம்பல்.” அடப்பாவி, அது வெள்ளைக்கல் சுரங்கம்யா! மேக்னசைட். இரும்பை உருக்குற உலைக்கு உள்பக்கம் பதிக்கிற செங்கல் அதுலதான் செய்வாங்க. சேலத்துல பொறந்துட்டு வெள்ளைக்கல்லு தெரியலைன்னா என்னத்தைச் சொல்ல? மேல ஏறினதும் செம்மண்ணைக் காட்டி, “லாவா சூட்டுல வெந்த மண்ணு.” வெந்ததெல்லாம் இல்ல சாமி. மழையும் வெயிலும் காலங்காலமா பாறையை அரிச்சு, கரையறதெல்லாம் கரைஞ்சுபோய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிக்குற மண்ணு. அலுமினியம் எடுக்குற பாக்சைட் கல்லு இங்க கிடைக்கறதே அதனாலதான்.

அப்புறம் வந்துச்சு பாருங்க உச்சக்கட்டம். “துருக்கியில கப்படோக்கியான்னு ஒரு இடம். அங்கயும் இதே கல்லுதான், குடைஞ்சு வீடு கட்டியிருக்காங்க.”

இதே கல்லா? ஒரு பழைய கத்தி போதும், சந்தேகம் தீர. கப்படோக்கியாவுல இருக்கறது டஃப். எரிமலை கக்கின சாம்பல் அடுக்கடுக்கா படிஞ்சு இறுகின கல்லு. கத்தியால கீறினா மாவு உதிரும். வெட்டும்போது மெத்துனு இருக்கும், காத்துப் பட்டதும் மேல்பக்கம் இறுகிக்கும். அதனாலதான் வீடு, தொழுவம், தேவாலயம், புறா மாடம்னு எல்லாத்தையும் குடைய முடிஞ்சுது. தெரின்குயு பாதாள ஊர் சுமார் 85 மீட்டர் ஆழம். காத்து வர தனிக் குழி, எதிரி வந்தா உள்ளே இருந்தே உருட்டி அடைக்க வட்டக்கல் கதவு! அங்க கூம்புப் பாறைங்க நிக்கறதே தலையில குடை மாதிரி இருக்குற கெட்டிக்கல்லாலதான். குடை விழுந்துச்சுன்னா மழை கீழே இருக்கறதைக் கரைச்சுடும். மெத்துக்கல்லுல ஆபத்தும் உண்டு. அங்கயே ஜெல்வேங்கற ஊர்ல பாறை சரியுதுன்னு 1952ல குடியிருந்தவங்களை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க.

நம்ம சேர்வராயன் மலை? சார்னகைட். கருங்கல்லுங்க, ஆட்டுக்கல்லு ஜாதி! சுமார் 250 கோடி வருஷம் முன்னாடி, பூமிக்குள்ள 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல வெந்து அமுங்கினது. புதுசா உடைச்ச பக்கம் எண்ணெய் தடவின மாதிரி கரும்பச்சையா மினுங்கும். கத்தியால கீறிப் பாருங்க, கல்லுல கோடு விழாது, கத்தி தேஞ்ச கறைதான் விழும். இந்தக் கல்லுல பொந்து எல்லாம் பெரும்பாலும் விரிசல் விட்ட இடத்துலயும், உருண்டைப் பாறைங்க ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்ச இடத்துலயும்தான். இதுல மூணு ரூம் வீடு குடையறதுன்னா கம்ப்ரசரும் வெடியும் வேணும், கூடவே கனிமவளத் துறை லைசென்சும்.

ஒரு சின்னப் பையன் மட்டும் ஒழுங்கா கேட்டான்: “அண்ணா, மறுபடி எப்ப வெடிக்கும்?”

“இப்ப தூங்குது தம்பி.”

தூங்குதாம்! குகைக்குப் பத்து நிமிஷம், தைலக் கடைக்கு முக்கால் மணி நேரம். சனம் ரெண்டு பாட்டில் தைலத்தோட வேன்ல ஏறுது, தலைவலி நிச்சயம்னு தெரிஞ்ச மாதிரி. சிரிச்சுட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, அதை விடுங்க. மலை இறங்கி வந்தா தட்டுவடை செட்டுல நடுவுல வைக்கிற பீட்ரூட்டை மறுபடியும் குறைச்சிருக்காங்க. இதுக்கு எந்த எரிமலை காரணம்னு யாராவது சொல்லுங்கப்பா.