பந்து கொண்டு வரலாமா?

மூடிக்கிடந்த ஆலை ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, "உங்கள் கனவை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், இந்தப் படைப்பில் உங்களுக்கும் பங்குண்டு" என்றார்கள். நானும் எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. பின்பக்கம் ஒரு குப்பைப் பையில் மஞ்சள் துண்டுகள். என் கனவு ஒன்றும் பிரமாதமில்லை, போகட்டும். ஆனால் இதற்குப் பங்கேற்புக் கலை என்று பெயர் வைத்ததுதான் உறுத்துகிறது.

பழைய ஆலைகளை இடிக்காமல் கலைக்கு விடுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்த உயரமும் அகலமும் புதிதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. லண்டனில் 1981-இல் ஓட்டத்தை நிறுத்திய பேங்க்சைட் மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆனது. டர்பைன்கள் இருந்த கூடம் மட்டும் 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். 2010-இல் சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் அங்கே பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டிப் பரப்பினார். வந்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள், படுத்தார்கள், கைநிறைய அள்ளிப் பார்த்தார்கள். எல்லாம் சில நாள்தான். பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று தடுப்புப் போட்டுவிட்டார்கள். அப்புறம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. என்னைக் கேட்டால், அந்தப் படைப்பில் நிஜமாகப் பங்கேற்றவர்கள் சீனாவின் ஜிங்டெஜென்னில் உட்கார்ந்து ஒவ்வொரு விதைக்கும் தூரிகையால் கோடு இழுத்த 1,600 பேர். கூலிக்குத்தான் செய்தார்கள், இருந்தாலும்.

எனக்குத் தெரிந்து இதை ஒழுங்காகச் செய்த இடம் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இருக்கிறது. பழைய பீப்பாய்த் தொழிற்சாலை. அதை மாற்றியமைக்கும் வேலை கட்டடக் கலைஞர் லினா போ பார்டியிடம் வந்தது. முதல் தடவை போனபோது காலிக் கூடங்களைப் பார்த்தார். அடுத்த தடவை போனது ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்து உதைக்கிறார்கள், ஓட்டைக் கூரை வழியே ஒழுகும் மழையில் நனைந்து சிரிக்கிறார்கள். அம்மாக்கள் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். ஒரு பக்கம் பொம்மலாட்டம். யாரும் அழைக்காமலே ஜனங்கள் அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதெல்லாம் இப்படியே தொடர வேண்டும் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்தார். அந்தத் தொழிற்சாலை 1982-இல் செஸ்க் பொம்பேயா என்ற பண்பாட்டு மையமாகத் திறந்தது, அங்கே அது தெரிகிறது. செங்கல் சுவர் அப்படியே நிற்கிறது. கூடத்தின் தரையில் வளைந்து ஓடும் ஒரு சின்ன நீரோடை, குளிர்காய ஒரு கணப்பு, நூலகம், நாடக அரங்கு, கைத்தொழில் பட்டறைகள். எதையும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. சும்மா வந்து உட்கார்ந்திருக்கலாம், சதுரங்கம் ஆடலாம், தூங்கினாலும் தூங்கலாம்.

பெரும்பாலான இடங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் ஜனங்களை வெளியேற்றிப் பூட்டுகிறார்கள். பிறகு வெள்ளையடிக்கிறார்கள். கடைசியில், "மக்கள் பங்கேற்பு" என்று ஒரு நிகழ்ச்சி வைத்து, வெளியேற்றியவர்களையே விருந்தாளியாகக் கூப்பிடுகிறார்கள். அந்த இயந்திரங்களை முப்பது வருடம் ஓட்டியவர்களுக்கு அங்கே என்ன வேலை? ஜெர்மனியில் எசன் நகரத்துச் சோல்ஃபராயின் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது, 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே பழைய சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக நின்று கதை சொன்னார்கள். நான் போன ஆலையில் தறி ஒன்றின் பக்கத்தில் மூன்று வரி அட்டை மட்டும்தான்.

அதே இடத்தில் அடுத்த வாரம் சாயத்தில் கை நனைத்துத் துணியில் பதிக்கும் நிகழ்ச்சியாம். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. பிள்ளைகள் பந்து கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.