ஆமை வராத இரவிலும் நடக்கிறவர்கள்

போன ஞாயிறு காலை எங்கள் பகுதிக் கடற்கரையில் நடந்த ஒரு தூய்மைப் பணிக்குப் போயிருந்தேன். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பந்தல் கட்டி முடிக்கவே ஏழே முக்கால் ஆனது. சிறப்பு விருந்தினர் வர எட்டரை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட், தொப்பி. உறுதிமொழி, பேச்சு, பொன்னாடை. அதன் பிறகு கையுறை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் குப்பை பொறுக்கினோம். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, டிபன் சாப்பிட்டுக் கலைந்தோம்.

நான் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினேன். மணலில் அன்று கொடுத்த தண்ணீர் பாட்டில்களும் டிபன் டப்பாக்களும் கிடந்தன. தூய்மைப் பணியாளர்களான இரண்டு பெண்கள் குனிந்து அவற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பொறுக்கினேன். ஒருவர் நிமிர்ந்து, "எல்லாரும் போய்ட்டாங்களாம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யார் நடத்தினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வந்திருந்த இளைஞர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். நேரம் முடிந்த பிறகும் மணலைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்களை, "போதும், வாங்க, போட்டோ எடுக்கணும்" என்று கூப்பிட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. என் வருத்தமே அதில்தான். வேலை செய்ய வந்த கைகளை வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இதே கடற்கரையில் இன்னொரு கூட்டமும் கூடுகிறது. தை பிறந்ததும் வெள்ளி, சனி இரவுகளில் நீலாங்கரையில் சேர்கிறார்கள். பந்தல் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. நள்ளிரவு வாக்கில் நடக்கத் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் கரையோரமாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடந்து, விடிவதற்குள் பெசன்ட் நகர் போய்ச் சேர்கிறார்கள். ஆமை நடை என்று சொன்னால் சென்னையில் பலருக்கும் தெரியும். பொதுமக்களோடு போவது வார இறுதியில் மட்டும். மற்ற நாட்களில் தன்னார்வலர்கள் மட்டும் நடப்பார்கள். முட்டையிடும் காலம் முழுவதும், ஒரு இரவு விடாமல்.

நான் திருவான்மியூரில் குடியிருந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் முதல் ஒன்பது வருடம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கேள்விப்பட்டு வந்து நச்சரித்தாள். இரவெல்லாம் கடற்கரையில் நடப்பதா என்று தயங்கினேன். அம்மாவோ, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க, நீ ஆமையைத் தேடிப் போறியா?" என்று போனிலேயே திட்டினார். போனோம்.

நடக்கும் முன்னால் மணலில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். அன்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி என்கிற வகை. மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். சுமார் 40 கிலோ எடையுள்ள தாய் ஆமை இருட்டில் கரையேறி, பின் துடுப்புகளால் குடுவை போல ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மூடி, மேலே மணலை வாரிப் போட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் குஞ்சு பொரியும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். வெளியே வரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். ஆதி காலத்திலிருந்து கரையில் வெளிச்சம் என்றால் அலைமேல் விழும் நிலவும் நட்சத்திரமும்தான். இன்று நம் தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும் அதைவிடப் பிரகாசம். குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நகரும். நாய், காக்கை, கார் சக்கரம், எதற்கும் அவை தப்புவதில்லை.

அதனால்தான் முட்டைகளை இரவோடு இரவாக எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே வளரத் தொடங்கிய கரு ஆட்டத்தைத் தாங்காது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்தவர்கள்தான் இந்தக் கரையில் முதலில் ஆமை தேடி நடந்தார்கள். பிறகு வனத்துறை சில காலம் பொரிப்பகம் நடத்தியது. 1988-ல் கல்லூரி மாணவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். எஸ்எஸ்டிசிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாணவர் அமைப்பு அப்படிப் பிறந்தது. வனத்துறை அனுமதியோடு இன்றுவரை நடக்கிறது. முதல் வருடம் நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்திருக்கும் வயதில் இருப்பார்கள். ஒரு நகரத்தில் தன்னார்வ வேலை ஒன்று இத்தனை வருடம் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் சரியாக உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் முதல் நடையில் ஆமை வரவில்லை. ஒரு தடம்கூட இல்லை. மூன்றரை மணிக்கு என் மகள் நடந்துகொண்டே தூங்கினாள். அன்று அழைத்துப்போன பையனுக்கு இருபது வயதிருக்கும். "நேத்தும் வரல அக்கா, முந்தாநாளும் வரல" என்று சாதாரணமாகச் சொன்னான். நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். "வராம? வந்துட்டா யார் பார்ப்பாங்க?" என்றான்.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒரு ஊரில் மக்களைக் கூப்பிட்டு நடத்தும் எந்த நிகழ்ச்சியையும் நான் இப்போது அந்தப் பையனின் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். நாம் வராவிட்டால் அங்கே ஏதாவது நின்றுபோகுமா? போன ஞாயிறு நான் போகாமலிருந்தால் ஒரு டி-சர்ட் மிச்சமாகியிருக்கும். அன்றிரவு அந்தப் பையன் போகாமலிருந்து ஆமை வந்திருந்தால், நூறு முட்டைகள் விடிவதற்குள் நாய்களுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது முறை மாசியில் போனோம். கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். ஈர மணலிலிருந்து மேலேறிப்போன துடுப்புத் தடம், இடமும் வலமும் மாறி மாறி. ஆமை போய்விட்டிருந்தது. தன்னார்வலர் ஒருவர் கம்பால் மெல்ல மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடித்து, மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினார். தோள்வரை கை உள்ளே போனது. முதல் முட்டை வெளியே வந்தபோது பின்னால் நின்ற முப்பது பேரும் மூச்சுவிடவில்லை. டேபிள் டென்னிஸ் பந்து போல, ஆனால் தொட்டால் அமுங்கும் தோல். எண்ணிப் பையில் வைத்தார்கள். மகள் வாய்க்குள்ளேயே கூடவே எண்ணினாள்: நூற்றுப் பதினான்கு. அந்த எண்ணை அவள் இன்றும் சொல்வாள்.

பங்குனி, சித்திரையில் மாலை நேரங்களில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதற்குக் கூட்டம் வரும், குழந்தைகள் குதிக்கும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்த மாலையைவிட ஒன்றுமே நடக்காத இரவுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அக்கம்பக்கத்தில் வருடக்கணக்காக ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியவர்களின் பெயரை நான் தெரிந்துகொண்டது அந்த இரவுகளில்தான். நாலு மணி நேரம் இருட்டில், போனை எடுக்கக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது என்றால் மனிதர்கள் பேசத்தான் வேண்டும்.

இங்கே மீனவக் குப்பத்து மக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. நானே ஒரே காலையில் ஏழு பார்த்தேன். கண் பிதுங்கி, வயிறு ஊதி. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி நீருக்கடியில் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். ஆமை தப்பிப் போக வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. இவை இரண்டும் ஒழுங்காக நடந்திருந்தால் இத்தனை சாவு இல்லை. அப்போது வாட்ஸ்அப் குழுக்களில் "மீனவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களும் அந்த இழுவலையால் வயிற்றில் அடி வாங்குகிறவர்கள்தான். அவர்கள் போடுகிற சிறு வலையையே விசைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் தடம் இருக்கிறது என்று விடியற்காலையில் கூப்பிட்டுச் சொல்வதும் பல நேரம் அவர்கள்தான்.

2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் என் அக்கா வீட்டின் தரைத்தளம் மூழ்கியபோது அவளை மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது ஒரு மீன்பிடிப் படகு. கடலோரக் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். யாரும் அவர்களுக்குத் தன்னார்வலர் அட்டை கொடுக்கவில்லை. ஆகவே நகரத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: விழிப்புணர்வு என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அந்த இடத்தில் வாழ்கிறவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்து, அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது மாநகராட்சிக்கு. வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. சென்னையில் 200 வார்டுகள். நான் இரண்டு பகுதி சபைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். குறை சொன்னோம், எழுதிக்கொண்டார்கள், கலைந்தோம். அது தேவைதான். ஆனால் அதே கூட்டத்தில் எங்களுக்கும் வேலை கொடுங்கள் என்கிறேன். ஆவணியிலிருந்து மழை வரும்வரை சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு தெருவிலும் நாலு பேர் மழைநீர் வடிகாலின் வாயைப் பார்த்து, மண்ணோ பிளாஸ்டிக்கோ அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குச் சொல்லி, அடுத்த சனிக்கிழமை எடுத்தார்களா என்று திரும்பப் பார்க்கலாம். வடிகாலில் யாரும் இறங்க வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பார்ப்பதும் எழுதுவதும் தொடர்ந்து கேட்பதும்தான் வேலை. மாநகராட்சிப் பள்ளியில் மாலை ஐந்திலிருந்து ஆறுவரை பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க ஓய்வுபெற்ற எத்தனை பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்! யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கோவையில் 2017-ல் பேரூர் பெரியகுளத்தில் இறங்கிய தன்னார்வலர்கள் ஞாயிறு விடாமல் குளம் குளமாகப் போய் வேலை செய்ததை அங்கிருக்கும் என் தம்பி சொல்லியிருக்கிறான். கிழமை மாறாது, வந்தவர் எத்தனை பேரானாலும் வேலை நடக்கும். அவனைப் போல சோம்பேறியையே ஆறு மாதம் மண்வெட்டி பிடிக்க வைத்திருக்கிறது.

விழாவே கூடாது என்று சொல்லவில்லை. மார்கழியில் கோலப் போட்டி, தெருவை அடைத்துப் பிள்ளைகள் விளையாடும் ஞாயிறு, குடியிருப்புப் பொங்கல், எல்லாம் இருக்கட்டும். மனிதர்கள் சும்மா சந்திக்கவும் இடம் வேண்டும். அதைச் சேவை என்று சொல்லி டி-சர்ட் மாட்டிவிட வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

போன ஞாயிறு கூப்பிடக் கூப்பிட வராமல் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு கல்லூரிப் பெண்களின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை நடைக்கு வருகிறார்கள். திருவான்மியூர், வால்மீகி நகர் பக்கம் இருக்கிறவர்கள் வருவதானால் இங்கே சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள். அடர்ந்த நிறத்தில் உடை, ஒரு பாட்டில் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பது சுலபம். டார்ச் வேண்டாம். ஆமை வருமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.