நோட்டைப் படமெடுத்தவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

ஒரு நர்ஸ் பிள்ளை ஒரு நோயாளியைப் பற்றி, பெட் நம்பரோடு, தன் சொந்த டைரி நோட்டில் எழுதிய பக்கம்தான் இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. அதில் இருந்ததை நான் திரும்ப எழுதவில்லை. படத்தை யாராவது கமெண்டில் போட்டால் அழித்துவிடுவேன். "நர்ஸுக்கு எதுக்கு டைரி?" என்று கேட்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பிள்ளை எழுதினாள். எழுதித் தன் பைக்குள் வைத்திருந்தாள். பையைத் திறந்து, பக்கத்தைப் படமெடுத்து, ஊருக்கே அனுப்பியது வேறு ஒருவர். நோயாளியின் ரகசியம் வெளியே போனது அந்த ஃபார்வர்டில். ஆனால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது எழுதியவளுக்கு மட்டும்.

நான் 22 வருடமாக எழுதுகிறேன். நைட் டியூட்டி முடிந்து, அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் உடம்பு கெஞ்சும், தூக்கம் வராது. கண்ணை மூடினால் மானிட்டர் சத்தம்தான் கேட்கும். இதை வீட்டில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நர்ஸிங் படிக்கும்போது விளக்கேற்றும் நாளில் நாங்கள் எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. வேலையில் தெரியவரும் நோயாளியின் சொந்த விஷயத்தையும் குடும்ப விஷயத்தையும் வெளியே விடமாட்டேன் என்று அதில் வருகிறது. கட்டின கணவரிடம்கூடச் சொல்லாததை நான் எங்கே இறக்கி வைப்பேன்? 80 பக்க கோடு போட்ட நோட்டில்தான்.

"பேர் போடாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே?" என்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயம்தான். எனக்கே நடந்திருக்கிறது.

2015இல் வார்டில் இருந்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதினேன். பேர் இல்லை, பெட் நம்பர் இல்லை, ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் இல்லை. சர்க்கரையில் கால் விரல் மூன்றை எடுத்த பிறகும், படுக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு முழம் கனகாம்பரம் கட்டி என் கையில் கொடுத்தார் என்று மட்டும் எழுதினேன். நோட்டு மேசைமேல் கிடந்தது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, நம்ம கோயில் வாசல் பூக்காரப் பாட்டியா?" என்றாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. புண் வந்தவள் கட்டிய பூ சாமிக்கு ஆகாது என்று வாங்காமல் போய்விடுவார்கள் என்பது அந்தப் பாட்டியின் பயம். வழுக்கி விழுந்து அடிபட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என் ஊரில் கனகாம்பரம் என்ற ஒரு சொல்லே போதும், அதுதான் அவர் முகவரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மகளிடம் சத்தியம் வாங்கினேன்.

அன்றிலிருந்து தேதி போடுவதில்லை. வயது, ஊர், தொழில், வியாதியின் பேர் எதுவும் கிடையாது. போலீஸ் கேஸ், போக்ஸோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), எச்.ஐ.வி. பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

நான் எழுதுவது என்னைப் பற்றி. போன மாதம் எழுதியது இது: "விடியற்காலையில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விட்ட பிறகும் நான்கு விரல் தடம் இருந்தது. கை கழுவ மனசு வரவில்லை." இதில் யாரைக் கண்டுபிடிப்பீர்கள்?

கோர்ட்டில் இந்த நோட்டைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்கிறார் ஒரு வக்கீல் நண்பர். கேட்கட்டும் சார். அதில் இருப்பது என் அழுகைதான்.

சரி, அந்தப் பிள்ளை பெட் நம்பர் எழுதியது தப்புதான். மறுக்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற தப்பு அது. டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஐ.சி.யு. நர்ஸுகள் நோயாளிக்காகவே டைரி எழுதுகிறார்கள். மயக்கத்தில் போன நாட்களில் என்ன நடந்தது என்று அவர் பிறகு படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். இங்கே நர்ஸ் பேனா எடுத்தாலே குற்றம்.

ரகசியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் வார்டுக்குள் வந்து பாருங்கள். கட்டில் தலைமாட்டில் பேரும் வியாதியும் எழுதிய போர்டு. கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் வட்டம், அது எந்த வியாதிக்கான அடையாளம் என்று தரை துடைக்கிற அக்காவுக்கும் தெரியும். பேரோடு எக்ஸ்ரேயைப் படமெடுத்து குரூப்பில் போடுகிறார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் ட்ரிப்ஸ் ஏறுகிற கையைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். இதில் யாருக்காவது மெமோ கொடுத்தீர்களா?

"மனபாரம் என்றால் கவுன்சிலிங் போங்கள்" என்கிறீர்கள். எங்கே போவது? 2020இல் கொரோனா நேரத்தில் பிபிஇ கிட் என்ற பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து ஊறிக்கொண்டு, ஒரு மகனுக்கு அவன் அப்பாவின் கடைசி முகத்தை வீடியோ காலில் காட்டியவள் நான். போனைப் பிடித்திருந்த என் கை நடுங்கியதால் படம் ஆடியது. "சிஸ்டர், கொஞ்சம் ஆடாம பிடிங்க" என்றான் அந்தப் பையன். அதன் பிறகு ஆடாமல் பிடித்தேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு யார் என்னைக் கேட்டார்கள்? மார்ச்சில் கைதட்டினீர்கள். ஜூனில் என் வாடகை வீட்டு ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அதையும் அந்த நோட்டிடம்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். மெமோவுக்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுதாதே கண்ணு. நாளைக்கு எனக்கு ஆஃப். இன்பாக்ஸில் நம்பர் அனுப்பு, நானே கூப்பிடுகிறேன். உன் நோட்டு இன்னும் இன்சார்ஜ் மேசையில்தான் இருக்கிறதாம். அதைத் திருப்பிக் கேட்டும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.